மாத்திரை நிறைஞ்சிருக்கு

திருப்பதிக்கு வாழை இலை ஏற்றிப் போகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, சார். எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும் கல்லில் வேகிற முதல் தோசை அவனுக்குத்தான். இலை வரவில்லை என்றால் பந்தி நிற்கும் என்று முதலாளிகளுக்குத் தெரியும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு எனக்கு எப்போதும் குறை வந்ததில்லை. இன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நிதானமாகப் பேசலாம்.

என் பெயர் கங்கையா. குடிபாலாவைத் தாண்டி, வேலூர் எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் தனக்குத் தமிழ் கேட்கத்தான் தெரியும், எழுத வராது என்கிறார். பரவாயில்லை, தெலுங்கிலேயே எழுதட்டும். ஒரே ஒரு பெயரை மட்டும் நான் சொல்கிறபடி எழுத வேண்டும். அது கடைசியில் வரும்.

நான் வந்தது என் தங்கை மகன் திருமலை விஷயமாக. கத்திரி வெயிலில் செத்துப்போனானே, பால் வேன் ஓட்டிய பையன், அவன்தான். ஆஸ்பத்திரியில் பிபி என்று எழுதினார்கள், ஊரும் பிபி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. அது முழு உண்மை இல்லை. அரைகுறையாக எழுதின எதையும் என்னால் சகித்துக்கொள்ள முடியாது.

முதலில் தொரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொரை என் காளை. வெள்ளைக்காரத் துரை மாதிரி நடப்பான், அதனால் அந்தப் பெயர். எனக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ராமகுப்பத்தில் தன் அண்ணன் வீட்டோடு போய் இருந்துவிட்டாள். அவளுக்கும் தொரைக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரில் ஒருவரை வைத்துக்கொள் என்றாள். வைத்துக்கொண்டேன்.

என்னைப் பெற்ற நைனா வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் மாட்டை மேய்த்தவர். எங்களுக்கு அப்போது நிலமும் கிடையாது, மாடும் கிடையாது. மாட்டுப் பொங்கலன்று எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். காளையின் இரண்டு கொம்புக்கும் குறுக்கே பலகை ஒன்று கட்டி, சாமி படமோ நடிகர் படமோ ஒட்டி, பட்டுத் துண்டு சுற்றி, பறையடித்துத் தெருவில் விரட்டுவார்கள். பையன்கள் பாய்ந்து பலகையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் பெருமை பையனுக்கு. பலகையோடு காளை வீடு திரும்பினால் பெருமை வீட்டுக்காரனுக்கு. என் நைனா அந்தக் காளைகளைக் குளிப்பாட்டுவார், கொம்பு சீவுவார், வாடிவாசல் வரைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார். பலகையில் பெரிய வீட்டுக்காரர்களின் பெயர் இருக்கும். கயிறு பிடித்தவன் பெயர் எந்த ஊரிலும் எழுதுவதில்லை.

அதனால்தான் நான் இலை வியாபாரத்தில் காலூன்றியதும் முதல் வேலையாகத் தொரையைக் கன்றாக வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் காளை. பலகையில் சாமியும் வேண்டாம், நடிகரும் வேண்டாம் என்று நைனாவின் போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டினேன். தொரை இளவட்டம் ஆனதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நைனா தெருவில் ஊர்வலம் போய், ஒரு விரல்கூடப் படாமல் வீடு திரும்பினார். அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அழுதேன், சார்.

போன பொங்கலுக்குத் திருமலை பலகையைப் பிடுங்கிவிட்டான்.

வேறு யாராவது பிடுங்கியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் இவன் தொரைக்குத் தவிடு வைத்தவன். எந்தப் பக்கம் திரும்புவான், எப்போது தலையைத் தாழ்த்துவான், எல்லாம் இவனுக்கு அத்துப்படி. வீட்டுப் பூனை பால் குடித்த கதைதான். பலகை கைக்கு வந்ததும் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தான். நைனா தலைகீழாக இருந்தார். அப்போதுதான் தொரை திரும்பி வந்து விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, ஒரு முட்டு முட்டினான். நல்ல முட்டு. பையன் சுருண்டு விழுந்தான், ஆனால் பலகையை விடவில்லை.

சாயந்தரம் சிறுநீரில் ரத்தம் போனது. சித்தூரில் காட்டினோம், அவர்கள் திருப்பதிக்குப் போகச் சொன்னார்கள். என் குட்டியானை வண்டியில் நானே ஏற்றிக்கொண்டு போனேன். தங்கை வெங்கடலட்சுமி செத்துச் சில வருஷம் ஆகிறது, அவள் புருஷன் அதற்கும் முன்பே. தாய்மாமன் நான்தான் எல்லாம். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தான், ஒரு சொட்டு அழவில்லை. அவன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. இப்போதும் உண்டு.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையைச் சாய்த்து வைத்திருந்தான். ஊசி போட வருகிற ஒவ்வொரு நர்சம்மாவுக்கும் கதை நடக்கும். எல்லாக் கதைக்கும் ஒரே முடிவு.

"பலகையப் புடுங்கினப்பறம்தான் மாமா முட்டுச்சு. அது கணக்குல வராது," என்பான் என்னைப் பார்த்து. "இன்னா, நா சொல்றது கரீட்டா?"

"கரீட்டு," என்பேன் நானும்.

கிட்னி ஒன்றில் அடி. ரத்தம் நின்றது, வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி காட்டப் போனபோதுதான் பிபி ஏறியிருப்பது தெரிந்தது. காளை மாதிரி இருக்கிற பையனுக்குப் பிபியா என்று எனக்கு ஆச்சரியம். ஸ்ரீதேவி என்று ஒரு டாக்டரம்மா, தங்கமானவர், தெலுங்கில் எனக்குப் பொறுமையாக விளக்கினார். தெருக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் மெல்லமாக வந்தால் அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார், மோட்டாரை இன்னும் வேகமாகப் போடு என்று கத்துவார் இல்லையா. அடிபட்ட கிட்னிக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, அது கத்திக்கொண்டே இருக்கிறது, உடம்பும் அதன் பேச்சைக் கேட்டு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கிறது என்றார்.

"ஏத்திக்கினே போனா?" என்று கேட்டேன்.

"எங்கேயாவது பைப் வெடிக்கும்," என்று சொல்லித் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

வலியே இருக்காதாம். தலைசுற்றல், மயக்கம் எதுவும் இல்லாமல் ஆள் நன்றாக உலாத்துவானாம். அதுதான் ஆபத்தாம். மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும், சில மாதம் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் ஆபரேஷன், அதோடு பிபியே போய்விடலாம் என்றார். என் முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. தோளில் தட்டி, "பயப்படாதீங்க, அடுத்த பொங்கலுக்கு உங்க பையன் மறுபடி மாடு பிடிக்கப் போவான்," என்று சிரித்தார்.

நல்ல மனசோடு சொன்ன வார்த்தை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தை வரைக்கும் எனக்குள் ஒன்றும் இல்லை, சார். மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது இருந்தது.

யமுனாவைப் பற்றிச் சொல்லவில்லையே. திருமலையின் மனைவி, அம்பத்தூர்ப் பெண். கல்யாணமாகி முதல் வருஷம், அதற்குள் வயிற்றில் குழந்தை. கெட்டிக்காரி. அவள் இருந்தவரை காலையில் மாத்திரை, சாயந்தரம் மாத்திரை, சாப்பாட்டில் உப்பு பாதிதான். திருமலை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவான். நான் ஒன்றும் செய்யவில்லை. அவசரப்படுவது என் சுபாவம் இல்லை, இலை வியாபாரி அவசரப்பட்டால் இலைதான் கிழியும்.

வளைகாப்பு முடிந்து அவளைப் பிரசவத்துக்கு அம்பத்தூருக்கு அழைத்துப்போனார்கள். போகும்போது மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்து, "மாமா, உங்களை நம்பித்தான் போறேன். அவருக்கு எடுத்துக் குடுத்தாத்தான் போடுவாரு," என்றாள். ஆஸ்பத்திரியில் மாதாமாதம் சீட்டைக் காட்டி வாங்க வேண்டும். நான்தான் திருப்பதிக்குப் போய்வருகிறவன் ஆயிற்றே.

டப்பாவில் இருந்தவரைக்கும் ஒழுங்காகக் கொடுத்தேன். அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. தீர்ந்ததும் வழக்கம்போல இலை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போனேன், தோசை சாப்பிட்டேன், திரும்பி வந்தேன். "டாக்டரம்மா இந்த மாசம் ஒண்ணும் குடுக்கல," என்று திருமலையிடம் சொன்னேன். அது பொய் இல்லை. கேட்டால்தானே கொடுப்பார்கள்.

"அப்ப சரியாப்பூடுச்சா மாமா?"

"கண்ணாடில மூஞ்சியப் பாத்துக்கினு நீயே சொல்லு."

போய்க் கண்ணாடியைப் பார்த்தான். மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தான், ஆளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தாரே.

யமுனா தினமும் போன் செய்வாள். அவன் பால் வேனில் சுற்றிக்கொண்டிருப்பான், எனக்குத்தான் அடிப்பாள்.

"மாமா, மாத்திரை இருக்குதா?"

"நிறைஞ்சிருக்குதும்மா."

இதை ரைட்டர் கவனமாக எழுத வேண்டும். வீட்டில் அரிசி தீர்ந்தால் இல்லை என்று வாயால் சொல்லலாமா? உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள், பிய்யம் நிண்டுகுன்னாயி என்றுதானே? நிறைந்துவிட்டது என்றால் தீர்ந்துவிட்டது. உங்கள் பாஷையோடு ஒட்டிப் பழகி எங்கள் ஊரிலும் அப்படித்தான். எண்ணெய் நிறைஞ்சிருக்கு என்றால் பையன் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவான். மங்கலமான பேச்சு. அம்பத்தூரில் அந்த வழக்கம் இல்லை போலிருக்கிறது. அவள் கேட்டாள், நான் எங்கள் ஊர் வழக்கப்படி உள்ளதைச் சொன்னேன். "அப்பாடா" என்பாள் அந்தப் பக்கம். எனக்கும் திருப்தியாக இருக்கும். இந்த விவகாரம் முழுவதிலும் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

மனைவி இல்லாத வீட்டில் பையன் பட்டினி கிடக்கக் கூடாது என்று சமையலையும் நானே எடுத்துக்கொண்டேன். சூளூர்பேட்டையிலிருந்து ஒருவர் நல்ல கருவாடு கொண்டுவந்து கொடுப்பார். கருவாட்டுக் குழம்பு, மாங்காய் ஊறுகாய், சுட்ட அப்பளம். சில மாதம் உப்பில்லாமல் தின்ற நாக்கு, விடுமா? "மாமா, உன் கையால துன்னாத்தான் துன்ன மாதிரி கீது," என்று தட்டை வழிப்பான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவன் உள்ளளவும் நினைத்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அந்த நாட்களில் எங்களுக்குள் பழைய சிநேகம் திரும்ப வந்துவிட்டது. சாயந்தரம் தொழுவத்தில் தொரைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். போனில் அந்தப் பலகை வீடியோவைப் போட்டுப் பார்ப்பான், எனக்கும் காட்டுவான். டீக்கடையில் என்னைக் கண்டால் "இன்னா கங்கையா, பலகை வீடு வந்து சேந்துச்சா?" என்று கேட்கிற வழக்கம் அப்போதும் நிற்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே டீ குடிப்பேன். ஒரு நாள் திருமலை சொன்னான், பிறப்பது பையன் என்றால் அவனையும் தோளில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பொங்கலுக்குப் பலகை பிடுங்குவேன் என்று. "தாத்தா போட்டோதான மாமா, வீட்டுக்குள்ளதான கீது," என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கத்திரி தொடங்கிய பிறகு ஒரு காலையில் வண்டியில் இலை ஏற்றிக்கொண்டிருந்தேன். திருமலை வந்தான். விடிந்ததிலிருந்து தலைவலி, வாந்தி என்றான். தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு தொரையையே பார்த்தான்.

"மாமா, தொரை ரெண்டாத் தெரியுது."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது, சார். அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு தொரையை இளக்காரமாகப் பார்த்தவன் கண்ணுக்கு இரண்டு தொரை. வெயில்தான் என்று அவனே சொன்னான், நான் மறுக்கவில்லை. நிழலில் உட்காரவைத்து மோர் கரைத்துக் கொடுத்தேன். வெயிலுக்கு எல்லாரும் எப்படிக் கொடுப்பார்களோ அப்படித்தான், உப்புப் போட்டு. கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். சொம்பைக் கீழே வைக்கும்போது கை கோணிக்கொண்டு போனது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தான், பேச்சு குழறியது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். டாக்டரம்மா தொட்டுக் காட்டிய அதே இடம்.

சித்தூருக்கு நானே கொண்டுபோனேன். அவனை இலைக்கட்டுகள்மேல் படுக்கவைத்தோம், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. மெதுவாகத்தான் ஓட்டினேன். இலை ஏற்றின வண்டியை வேகமாக ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை என்றார்கள். அழுதேன். நாடகம் என்று நினைக்காதீர்கள், தாய்மாமனுக்கு அழுகை வரத்தானே செய்யும்.

அதன் பிறகுதான் எல்லாம் கோணலாகப் போனது. தூக்கிக்கொண்டு போகும்போதாவது தொரையின் பெயரை யாராவது எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். தொரை முட்டிய ஆள் தப்பவில்லை என்று ஒரே ஒரு வாய் சொன்னால் போதும், அடுத்த பொங்கலுக்குத் தெருவே வழி விடும். யாரும் சொல்லவில்லை. "இந்த வயசுல பிபி பாரு, காலம் அப்படிக் கீது," என்று பேசிக்கொண்டே சுடுகாடு வரை வந்தார்கள். கருமாதிக்குள் பையன்கள் சேர்ந்து ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள். ஆளுயரம். திருமலை பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், பின்னால் தொரை தலை குனிந்து நிற்கிறான். 'தொரையை வென்ற வீரனுக்குக் கண்ணீர் அஞ்சலி.' அதை எங்கே கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் தொழுவத்துக்கு நேர் எதிரில், கரண்ட் கம்பத்தில். தொரை தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வைக்கோல் தின்கிறான். ஆடிக் காற்றுக்குக்கூட அது கிழியவில்லை.

சாவுக்கு வந்த யமுனா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாத்திரை இருந்துச்சு இல்ல மாமா?" "நிறைஞ்சிருந்துச்சும்மா," என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு அம்பத்தூரில் குழந்தை பிறந்தது, பையன். இந்த வாரம்தான் சாமான்களை எடுத்துப்போக அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் விரலை நீட்டினேன், பிடித்துக்கொண்டான். விடமாட்டேன் என்கிறான். அப்பன் கை.

நேற்று சோறு வடிக்க ஒத்தாசையாகப் பக்கத்து வீட்டுத் தாட்சாயணி வந்திருந்தாள். அரிசித் தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "யமுனா, அரிசி நிறைஞ்சிருக்குது, கடைக்குச் சொல்லி அனுப்பு," என்றாள். யமுனா எழுந்து வந்து தகரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு மணி இல்லை.

"நிறைஞ்சிருக்குதுன்னா?" என்று கேட்டாள்.

"தீந்துபோச்சுன்னு அர்த்தம்மா. இல்லன்னு சொல்லக் கூடாது," என்று தாட்சாயணி சிரித்தாள்.

யமுனா திரும்பி என்னைப் பார்த்தாள். கையில் இருந்த படியைக் கீழே வைத்துவிட்டு, என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

இன்றோ நாளையோ உங்களிடம் வருவாள். வரட்டும், அவள் வருவதுதான் நியாயம். ஆனால் அவள் என் பெயரை மட்டும்தான் சொல்வாள். மாமன் மாத்திரையை நிறுத்திக் கொன்றான் என்று நீங்களும் எழுதி மூடிவிடுவீர்கள். ஒரு முழுக் காளை விட்டுப்போகும். அதனால்தான் சாப்பிட்ட கையோடு முந்திக்கொண்டு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை வாங்காமல் விட்டது நான். கருவாடு ஆக்கிப் போட்டது நான், மோரில் உப்புப் போட்டது நான். செத்துப்போவான் என்று தெரியும், சாக வேண்டும் என்றுதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன், கையெழுத்தும் போடத் தெரியும். ஆனால் டாக்டரம்மாவையே கூப்பிட்டுக் கேளுங்கள், அந்த முட்டு இல்லாமல் அந்தக் கிட்னி கெடுமா, பிபி வருமா? அது கணக்கில் வராது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். வந்துவிட்டது. நான் என் நைனாவைப்போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன், அவ்வளவுதான்.

கயிறு பிடித்தவன் பெயரை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், சார். முதலில் தொரை என்று எழுதுங்கள்.